ரப்பர் போன்ற கறி

"கறி ரப்பர் மாதிரி இருக்கு." சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் என்று கெடாவின் எந்த ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவரைக் கேட்டாலும், ஏதாவது ஒரு தீபாவளி மத்தியானத்தில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார். அப்படிச் சொன்னவர்கள் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாகப் பால்மரம் வெட்டியவர்கள். மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, அதை உறைய வைக்கும் ஸ்டோருக்குத் தூக்கிப் போனவர்கள். பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தவர்கள். ரப்பர் எவ்வளவு இழுபடும், விட்டால் எப்படிச் சுருங்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். பல்லில் அகப்பட்ட கறியை அவர்கள் ரப்பரோடு சேர்த்துப் பேசியதை நான் வெறும் உவமையாக எடுத்துக்கொள்வதில்லை. இறைச்சி ஏன் கடினமாகிறது என்று வேதியியல் சொல்லும் விளக்கமும் ரப்பர் ஸ்டோர் வழியாகத்தான் போகிறது.

சந்தையில் மாட்டிறைச்சிக் கடையின் முன் நின்று பாருங்கள். கொக்கியில் தொங்குபவற்றில் கண்ணுக்கு மிக அழகான துண்டு பின்தொடையின் உட்பக்கச் சதை. கடைக்காரர்கள் டாப்சைட் என்பார்கள். எலும்பு இல்லை, கொழுப்பு அநேகமாக இல்லை, ஜவ்வும் குறைவு. ஒரே சிவப்பாக, உருண்டு திரண்டு இருக்கும். பக்கத்திலேயே கெண்டைக்கால் சதை கிடக்கும். வெள்ளை வெள்ளையாக நரம்பும் ஜவ்வும் ஓடி, பார்த்தாலே இது வேகுமா என்று தோன்றும், விலையும் குறைவு. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு மூன்று மணி நேரம் வேகவிட்டால், கெண்டைக்கால் கரண்டி பட்டதும் பிரிந்து வழுவழுவென்று இறங்கும். அழகான தொடைச் சதையோ தேங்காய் நாராகியிருக்கும். மென்றால் வாயில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். காசு அதிகம் கொடுத்தவருக்குத்தான் ஏமாற்றம். ஏன் இப்படி என்று புரிந்துவிட்டால் இறைச்சிச் சமையலில் பாதி புரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைத்ததில்லை. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டாய் இருந்தது. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசிய கையால் அதைச் சமைக்க அம்மாவுக்கு மனம் வராது. தோட்டப்புற இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் அப்படித்தான். அதே லயத்தில் இருந்த கிறிஸ்தவக் குடும்பத்தின் அடுப்பில் அது வெந்தது, டவுனில் பாய் கடைகளில் வெந்தது, பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் வீட்டுக் கெண்டூரி விருந்தில் அண்டா அண்டாவாக வெந்தது. நான் பின்னாளில் அந்த அடுப்படிகளில் நின்று கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன். மாட்டிறைச்சியைத் தொடாதவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட வேண்டாம். ஆட்டுத்தொடைக்கும் காட்டுப்பன்றிக்கும் இதே விதிகள்தான். தசை என்பது எந்த விலங்கிலும் ஒரே மாதிரிக் கட்டப்பட்ட இயந்திரம்.

அந்த இயந்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கொழுப்பு நீக்கிய சதையில் ஏறத்தாழ 75 விழுக்காடு தண்ணீர், 20 விழுக்காட்டுக்குச் சற்று மேலே புரதம், மீதி கொஞ்சம் கொழுப்பும் உப்புகளும். அதாவது ஒரு கிலோ வாங்கினால் முக்கால் கிலோ தண்ணீர். இந்தத் தண்ணீர் பஞ்சில் நிற்பதுபோல் தளர்ந்து நிற்பதில்லை. மயோசின், ஆக்டின் என்ற இரண்டு புரத இழைகள் வரிசை வரிசையாக நெருங்கி நிற்கின்றன. அவற்றின் இடுக்குகளில்தான் பெரும்பகுதித் தண்ணீர் பிடிபட்டிருக்கிறது. இழைகள் சேர்ந்து ஒரு தசைநார். நார்கள் சேர்ந்து ஒரு கற்றை. கற்றைகள் சேர்ந்து நாம் கையில் பிடிக்கும் சதை. ஒவ்வொரு நாரையும், ஒவ்வொரு கற்றையையும், கடைசியில் முழுச் சதையையும் மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. நம் சமையலறைகளில் ஜவ்வு என்று சொல்வது இந்த உறையைத்தான். அது கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு போன்ற மூலக்கூறு அது.

ஆக, கறி கடினமாக இருப்பதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒன்று, நார் தண்ணீரை இழந்து இறுகுவது. மற்றொன்று, ஜவ்வு கரையாமல் நிற்பது. முதலாவதற்குச் சூடு பகை. இரண்டாவதற்குச் சூடுதான் மருந்து. நம் அடுப்படியில் நடக்கும் குளறுபடிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒரே நோயாக நினைத்து ஒரே மருந்து கொடுப்பதால் வருபவை. "வேகல, இன்னும் நாலு விசில் விடு" என்பது ஜவ்வுள்ள கறிக்குச் சரியான வைத்தியம். தொடைச் சதைக்கு அதுவே நோயைக் கூட்டிவிடும்.

தண்ணீர் எப்படி வெளியேறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து ஸ்டோருக்குப் போக வேண்டும். வாளியில் வரும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் துகள் ஒவ்வொன்றையும் புரதப் படலம் ஒன்று சுற்றியிருக்கிறது. அந்தப் படலத்தில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. பால் பாலாகவே இருக்கக் காரணம் இந்தத் தள்ளல்தான். தொட்டியில் ஊற்றி ஃபார்மிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து விடுவார்கள். தோட்டத்தில் அதற்கு ஆசிட் என்று மட்டும் பெயர். அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணித்துவிடும். தள்ளிக்கொண்டிருந்த துகள்கள் இப்போது ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் பால் உறைந்து வெள்ளைப் பாளமாகும். பாளம் தானாகவே தண்ணீரைக் கக்கத் தொடங்கும். உருளையில் கொடுத்துப் பிழிந்தால் மீதித் தண்ணீரும் வந்துவிடும். இதற்கு எதிரான வேலையும் உண்டு. பாலை உறையாமல் தொலைதூரம் கொண்டுபோக வேண்டுமென்றால் அம்மோனியா கலப்பார்கள். அது காரம், மின்னூட்டம் குறையாமல் துகள்களைப் பிரித்தே வைத்திருக்கும்.

இப்போது இறைச்சிக்கு வாருங்கள். உயிருள்ள தசையின் அமிலத்தன்மை ஏறக்குறைய நடுநிலையில், பிஎச் அளவில் 7ஐ ஒட்டி இருக்கும். விலங்கை அறுத்த பிறகும் தசை உடனே ஓய்வதில்லை. தன்னிடமுள்ள கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை உயிர்வளி இல்லாமலே எரித்துக்கொண்டிருக்கும். அதில் பிறக்கும் லாக்டிக் அமிலத்தை எடுத்துச் செல்ல இரத்த ஓட்டம் இல்லை. அமிலம் தேங்குகிறது. பிஎச் 5.5க்கு அருகே இறங்குகிறது. தசைப் புரதங்களின் மின்னூட்டம் முற்றிலும் தணியும் புள்ளி 5க்குச் சற்று மேலே இருக்கிறது. தொட்டியில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது: தள்ளிக்கொண்டிருந்த இழைகள் நெருங்குகின்றன, நடுவில் நின்ற தண்ணீருக்கு இடம் குறைகிறது. தட்டில் வைத்த கறியின் அடியில் கசியும் சிவப்பு நீர் இப்படி வந்ததுதான். பலர் அதை இரத்தம் என்று அருவருத்துத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். அது இரத்தம் அல்ல. மயோகுளோபின் என்ற நிறமி கலந்த தசைநீர்.

தோட்டத்து ஆட்கள் நாய்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவதுண்டு. நெடுநேரம் துரத்திப் பிடித்த பன்றியின் கறி கருத்து, பிசுபிசுப்பாக இருக்கும். சீக்கிரம் கெட்டும் போகும். அதன் விடையும் இந்தப் பிஎச் கணக்கில் இருக்கிறது. ஓடி ஓடிக் கிளைக்கோஜனைச் செலவழித்துவிட்ட தசையில் அமிலம் பிறக்க வழியில்லை. பிஎச் 6க்கு மேலேயே நின்றுவிடும். தண்ணீர் உள்ளேயே இருக்கும், நிறம் கருக்கும், அமிலத்தின் காவல் இல்லாததால் கிருமிகள் வேகமாகப் பெருகும். அறுப்பதற்கு முன் மாட்டை மிரட்டி அலைக்கழித்தாலும் இதேதான் நடக்கும். விலங்கை அமைதியாக வைத்திருந்து அறுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது கருணை. நல்ல கறிக்கும் அதுவே வழி. (காட்டுப்பன்றியில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கக்கூடும், அதை எந்தக் காரணத்துக்காகவும் அரைவேக்காட்டில் இறக்கக் கூடாது.)

அமிலம் சேரும் அதே வேளையில் விறைப்பும் வருகிறது. மயோசின் இழை ஆக்டின் இழையைப் பிடித்து இழுப்பதுதான் தசையின் வேலை. பிடித்ததை விடுவதற்கு ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். அது தீர்ந்ததும் பிடித்த பிடி பிடித்தபடியே நின்றுவிடும். மாட்டில் இந்த விறைப்பு முழுமையாக ஏற ஒரு நாள் வரை ஆகும். ஆட்டில் அதைவிடச் சீக்கிரம், வெயில் ஊரில் இன்னும் சீக்கிரம். தீபாவளிக்கு விடியற்காலையில் ஆட்டை வெட்டிக் கூறு போட்டு, பங்கு வாங்கிப் போன வீடுகளில் மத்தியானத்துக்குள் குழம்பு கொதிக்கும். அந்த நேரத்தில் பெரும்பாலும் இறைச்சி விறைப்பில் ஏறிக்கொண்டிருக்கும். ரப்பர் என்று சொல்ல வைத்த காரணங்களில் இதுவும் ஒன்று. விட்டுவைத்தால், தசையிலேயே இருக்கும் நொதிகள் நாள்போக்கில் இழைகளை அங்கங்கே வெட்டித் தளர்த்தும். மேல்நாடுகளில் மாட்டிறைச்சியைக் குளிரறையில் பத்துப் பதினான்கு நாள் தொங்கவிடுவது இதற்காகத்தான். அவசரப்பட்டுக் குளிரூட்டினாலும் கெடுதி. விறைப்பு வருவதற்கு முன்பே கடுங்குளிரில் வைத்த தசை பயங்கரமாகச் சுருங்கிவிடும் என்பதை நியூசிலாந்தில் லாக்கரும் ஹேக்யார்டும் 1963இல் காட்டினார்கள். நம் வீட்டுக் குளிர்பெட்டிக்கு இதில் ஒரு சின்னப் பாடம் உண்டு: அன்று வெட்டிய தொடைக்கறியை உடனே உறைய வைக்காமல், விறைப்பு ஏறி முடிந்தபின் இரண்டு நாள் கீழ்த்தட்டில் வைத்திருந்து சமையுங்கள், வித்தியாசம் தெரியும்.

சரி, அடுப்பில் வைத்ததும் என்ன ஆகிறது? 50 டிகிரியைத் தாண்டும்போது மயோசின் சுருளவிழ்ந்து உறையத் தொடங்குகிறது. கறி வெளுத்துக் கொஞ்சம் உறுதிப்படும். இன்னும் சாறு இருக்கும். 60 முதல் 65 டிகிரிக்குள் கொலாஜன் உறை திடீரென்று சுருங்குகிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் உள்ளே இருக்கும் நார்களை அது நெரிக்கிறது. 70ஐ நெருங்கும்போது ஆக்டினும் உறைகிறது. அதோடு பெரும்பகுதித் தண்ணீர் வெளியே. ஒரு கிலோ கறி நன்றாக வெந்து முடியும்போது 600, 700 கிராமாகக் குறைந்துவிடுவதற்கு இதுதான் கணக்கு. கடைக்காரர் எடையில் கை வைத்துவிட்டார் என்று சந்தேகப்பட வேண்டாம்.

அந்தச் சுருக்கம்தான் ரப்பரோடு கறி உண்மையாகவே உறவுகொள்ளும் இடம். ஒரு சோதனை செய்து பாருங்கள். ரப்பர் வளையம் ஒன்றை ஆணியில் மாட்டி, அது நன்றாக நீளும்படி ஒரு எடையைத் தொங்கவிடுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவியால் வளையத்துக்குச் சூடு காட்டுங்கள். உலோகக் கம்பியானால் சூட்டில் நீளும். ரப்பரோ சுருங்கி எடையை மேலே தூக்கும். கண்பார்வை இல்லாத ஜான் காஃப் என்ற ஆங்கிலேயர் 1805இல் கையாலும் உதட்டாலும் தொட்டு உணர்ந்து ரப்பரின் இந்தப் போக்கை எழுதிவைத்தார். 1859இல் ஜூல் அதை அளந்து உறுதிசெய்தார். நீட்டிவைத்த நீண்ட மூலக்கூறுகள் சூட்டில் துடித்து, கலைந்து சுருண்டுகொள்ளவே விரும்புகின்றன. அதுதான் இழுவிசை. கொலாஜன் கயிறும் 60 டிகிரிக்கு மேல் தன் முறுக்கை இழந்து, கலைந்த இழைகளாகி, அதே விதமாகச் சுருண்டு இழுக்கிறது. பாதி வெந்த ஜவ்வை மெல்லும்போது பல்லைத் திருப்பித் தள்ளுவது இந்த நெகிழ்வுதான்.

கயிறு அவிழ்ந்தால் கரைந்து போகக் கூடாதா? போகும், குறுக்குக் கட்டுகள் இல்லாவிட்டால். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுத்து இளகிவிடும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது, கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் பாலம் போட்டன. அதன் பிறகு அது உருகாது, இழுத்தாலும் திரும்பிவிடும். டயருக்குத் தகுதியானது. விலங்கின் உடலும் தன் கொலாஜனுக்கு இதையேதான் மெதுவாகச் செய்துகொள்கிறது. கன்றாக இருக்கும்போது குறுக்குப் பாலங்கள் சூட்டுக்கு எளிதில் விட்டுக்கொடுப்பவை. வயது ஏற ஏற அவை முதிர்ந்து, சூட்டுக்கும் அசையாதவையாகின்றன. உழுது உழைத்த கிழட்டு மாட்டின் கறி வேகவே மாட்டேன் என்கிறதே, அந்த மாடு தன் ஆயுள் முழுவதும் தன்னைத்தானே வல்கனைஸ் செய்துகொண்டிருந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கழுத்தருகே மஞ்சள் நிறத்தில் தடித்த நரம்பு ஒன்று வரும். அது கொலாஜனே அல்ல, எலாஸ்டின். எத்தனை மணி நேரம் கொதித்தாலும் கரையாது. வெட்டி எறிவதுதான் வழி.

கெடாவில் உழுத மாடு என்றால் எருமை. மூடா சமவெளியின் சேற்றில் ஏர் இழுத்தது சதுப்பு எருமை. 1966இல் தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் ஆண்டுக்கு இரண்டு போகத்தைக் கொண்டுவந்தது. அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே கிடைத்த சில வாரங்களில் உழுது முடிக்க எருமையின் நடை போதவில்லை. டிராக்டர் வந்தது, எருமை வயலைவிட்டுப் போனது. ஆனால் தட்டைவிட்டுப் போகவில்லை. மலேசியாவில் விற்கும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி இறக்குமதி. அதில் பெரிய பங்கு இந்தியாவிலிருந்து உறைந்து வரும் எலும்பு நீக்கிய எருமை இறைச்சி. இந்தியா பசு இறைச்சியை ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. அங்கிருந்து பெரும்பாலும் வருவது வேறு வகை எருமை, ஆற்று எருமை. சதுப்பு எருமைக்கு 48 குரோமோசோம், ஆற்று எருமைக்கு 50. பால் வற்றிய பிறகு அறுபட்டவையும் அந்த இறக்குமதியில் இருக்கும். குறுக்குக் கட்டுகள் முதிர்ந்த இறைச்சி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

எருமை இறைச்சியை அடையாளம் காண்பது எளிது. நிறம் பசு இறைச்சியைவிடக் கருஞ்சிவப்பு. கொழுப்பு பால் வெள்ளை. மேய்ந்து வளர்ந்த பசுவின் கொழுப்பில் புல்லின் கரோட்டின் தங்கி மஞ்சள் சாயல் இருக்கும். எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் வெள்ளையாகவே நிற்கிறது. சதைக்குள் ஓடும் கொழுப்பும் எருமையில் குறைவு. உறைந்த கட்டியை வாளித் தண்ணீரில் போட்டு அவசரமாக இளக்குவார்கள், அது வேண்டாம். உறையும்போது உண்டான பனிப்படிகங்கள் நார்களைக் கிழித்திருக்கும். முந்தின நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், ஒரு பாத்திரத்தில் வைத்து மெல்ல இளக விட்டால் கசிவு குறையும்.

நாருக்கு வைத்தியம் கத்தியில் தொடங்குகிறது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் சுங்கைப் பட்டாணியில் நாசி கண்டார் கடை வைத்திருந்த ஒரு பாய். தொடைச் சதையைப் பலகையில் வைத்து என் கையில் கத்தியைக் கொடுத்தார். நான் வெட்டியதைப் பார்த்துவிட்டு, "நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தீங்களா தம்பி? ஆத்தோட போகாதீங்க, ஆத்தக் குறுக்கே கடங்க" என்றார். நாரின் போக்கிலேயே வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் விரல் நீளத்துக்கு நார் இருக்கும். அதை அறுக்கும் வேலை பல்லுக்கு வந்துவிடும். குறுக்கே, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு அரிந்தால் நாரின் நீளமே 3 மில்லிமீட்டர்தான். மென்மையாக்கும் பொடியும் வேண்டாம், குக்கரும் வேண்டாம். டாப்சைட்டில் நார் ஒரே திசையில் ஓடுவது இதற்கு ஏற்ற வசதி.

நாருக்கு அடுத்த வைத்தியம் உப்பும் காரமும். சமைப்பதற்கு அரை மணி நேரம் முன் உப்புப் பிசறினால், உப்பு மயோசினைக் கொஞ்சம் இளக்கித் தண்ணீரைப் பிடித்துவைக்க உதவும். டவுனில் சீனர் கடைகளில் இறைச்சித் துண்டுகள் வழுக்கிக்கொண்டு மென்மையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவர்கள் சேர்ப்பது நம் வீட்டிலும் உள்ள ஆப்ப சோடா. அரை கிலோ மெல்லிய துண்டுகளுக்கு அரைத் தேக்கரண்டி, கால் மணி நேரம், பிறகு ஒருமுறை அலசிவிட வேண்டும். சோடா ஒரு காரம். பிஎச் ஏறுகிறது, புரத இழைகளுக்கு மின்னூட்டம் திரும்புகிறது, அவை விலகி நிற்கின்றன, தண்ணீர் உள்ளே தங்குகிறது. பால் லாரியில் அம்மோனியா செய்த அதே வேலை. முதன்முதலில் இதைப் புரிந்துகொண்டபோது ஸ்டோர் தொட்டியருகே நின்ற என் சிறுவயது நாட்களின் நெடி மூக்கில் ஏறியது. அளவு கூடினால் சவுக்காரச் சுவை வந்துவிடும், கவனம்.

லயத்து வீட்டுக் கொல்லையில் நிற்கும் பப்பாளியும் பால்மரம்தான். பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலில் பாப்பைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கும். இலங்கையில் பப்பாளிக் காயைக் கீறிப் பால் எடுத்து ஏற்றுமதி செய்த காலம் ஒன்று உண்டு. அன்னாசியில் புரோமிலைன், இஞ்சியில் ஜிஞ்சிபைன் என்று பாப்பைனுக்கு உறவினர்கள் உண்டு. இவை ஊறும்போது வேலை செய்வதைவிட, அடுப்பில் 60 டிகிரியை ஒட்டிச் சூடேறும்போது வெறிகொண்டு வேலை செய்யும். அதற்கு மேலே போனால் தாமே உறைந்து ஓய்ந்துவிடும். எதுவும் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்காது. பெரிய துண்டில் தடவி இரவெல்லாம் வைத்தால் மேலே கூழ், உள்ளே பழைய ரப்பர். மெல்லிய துண்டுகளுக்கு இஞ்சிச் சாறே போதும் என்பது என் முடிவு. இஞ்சி ஜவ்வையும் தாக்கும், பப்பாளிபோல் மாவாக்கிவிடாது.

இத்தனையும் செய்து, இரும்புச் சட்டி புகையும்வரை காய்ந்ததும் ஒரு கைப்பிடி துண்டுகளை மட்டும் போட வேண்டும். மொத்தத்தையும் கொட்டினால் சட்டி குளிர்ந்து, கறி தன் தண்ணீரிலேயே வேகும். சட்டி காய்ந்திருந்தால் மேற்பரப்பு உலர்ந்து 140 டிகிரியைத் தாண்டும். புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பேறி மணக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912இல் விவரித்த வினை இது. மேலே வறுத்துவிட்டால் சாறு உள்ளேயே பூட்டப்படும் என்று லீபிக் 1847இல் சொன்னது இன்றும் பல வாய்களில் உலவுகிறது. அது தவறு. வறுத்த கறியிலும் சாறு கசியவே செய்கிறது. சட்டியில் எழும் சீற்றமே வெளியேறும் தண்ணீரின் சத்தம்தான். வறுப்பது மணத்துக்காக. ஓரிரு நிமிடம், நிறம் மாறி உள்ளேயும் வெந்ததும் தட்டுக்கு எடுத்துவிட வேண்டும். நம்மவர்கள் சிவப்பாக இருக்கும் கறியை விரும்புவதில்லை. மெல்லிய துண்டு என்பதால் முழுக்க வெந்தும் உலராமல் தப்பிவிடுகிறது.

பெரிய துண்டாகவே வேண்டும் என்பவர்களுக்கு வடக்கத்து நாசி டாகிங் வழி காட்டுகிறது. கெடாக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சாப்பாடு அது. மசாலா போட்டு மாட்டிறைச்சியை வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே சோற்றைப் பொங்கி, புளிப்பான ஆயர் ஆசாமோடு பரிமாறுவார்கள். கறியிலிருந்து வெளியேறும் தண்ணீரை யாராலும் முழுக்கத் தடுக்க முடியாது. இந்தச் சமையல் அதைச் சோற்றுக்குள் அனுப்பித் தட்டுக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. ரெண்டாங் வேறு வழியில் போகிறது: சதையில் இல்லாத கொழுப்பைத் தேங்காய்ப்பால் கொடுக்கிறது. இரண்டிலும் அடுப்பு அடங்கியே எரிய வேண்டும். தளதளவென்று 100 டிகிரியில் கொதிப்பதைவிட, மேலே ஒன்றிரண்டு குமிழி மட்டும் வரும் 80, 90 டிகிரியில் நார் அவ்வளவு இறுகாது. ஜவ்வும் நேரம் எடுத்துக்கொண்டாலும் கரைந்து ஜெலட்டின் ஆகும். குக்கரில் சூடு 120 டிகிரியை எட்டும். கெண்டைக்காலுக்கு அது வரம்; தொடைச் சதைக்கு வேண்டாம். வெந்ததும் கறியை உடனே வெளியே எடுக்காமல் சாற்றிலேயே ஆற விட்டால் இழந்ததில் கொஞ்சத்தைத் திரும்பக் குடிக்கும். ஆறியபின் அரிந்தால் துண்டும் உதிராது.

கடைசியாக, செலவில்லாத ஒரு சோதனை. டாப்சைட் ஒரு துண்டையும் கெண்டைக்கால் ஒரு துண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில், ஒரே அளவு தண்ணீரில், மூன்று மணி நேரம் வேகவிடுங்கள். கறியை எடுத்துவிட்டுச் சாற்றை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் சாய்த்துப் பாருங்கள். தொடைச் சாறு வழிந்து ஓடும். கெண்டைக்கால் சாறு கட்டியாக நின்று நடுங்கும். பாய் கடையில் அந்தக் கட்டியை வீணாக்குவதில்லை. மறுநாள் தொடைக்கறியைப் பெரட்டும்போது, கறுப்பு சோயாவும் வெங்காயமும் சுருண்டு வரும் நேரத்தில், ஒரு கரண்டி அள்ளிச் சட்டியில் போடுவார். அது உருகி, அரிந்த துண்டுகள் ஒவ்வொன்றின் மேலும் பளபளப்பாகப் படியும்.